கிளி விரட்டிய ஆங்கிலம்

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு வாயில் ஆங்கிலம் வந்துவிடும். செம்புக் காசை நாக்கில் வைத்ததுபோல் லேசாகக் கசந்து பல்லைக் கூசவைக்கிற வாசனை அது. திராட்சைக் கொடிக்கு நோய் வராமலிருக்க எங்கள் பக்கம் அடிக்கிற நீல மருந்தினுடையது. சென்ற மாதம் மைத்துனருக்குத் துணையாகக் கம்பத்தில் ஓர் உரக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வாயைப் பிரித்தார், வாசனை வந்தது, ஐம்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட, தேனியில் நாலு பேர் எழுத்தாளர் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நான், கடை அதிரும்படி "நாட்வித்ஸ்டாண்டிங்!" என்று கத்திவிட்டேன். மைத்துனர் வாசல் பக்கம் திரும்பி, என்னோடு வராதவர் போல நின்றுகொண்டார். கடைக்காரர்தான் பதறவில்லை. "அந்தக் கம்பெனி மருந்து ஸ்டாக் இல்லீங்க சார்" என்றார்.

வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், என் ஆங்கிலத்தில் திருத்தவே முடியாத இரண்டு கோளாறுகள் உண்டு. அதை என்னால் மெதுவாகப் பேச முடியாது. அரை மைலுக்கு அப்பால் இருப்பவரை விரட்டுவதுபோலத்தான் வரும். இன்னொன்று, அது அகரவரிசையில் எச் என்ற எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய எழுத்துகளை நான் பிற்காலத்தில் கல்லூரியில் போய்ச் சேர்த்துக்கொண்டேன் என்றாலும், ஒட்டுப்போட்ட சட்டையில் ஒட்டுத் தெரிவதுபோல அது தெரியத்தான் செய்யும். இரண்டு கோளாறுகளும் காமயகவுண்டன்பட்டியில், எங்கள் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்துப் பரணின் மேல், ஒரே ஆண்டில் உண்டானவை.

திராட்சை பழுக்கத் தொடங்கிவிட்டால் கிளியும் மைனாவும் ஊரில் எல்லாருக்கும் முன்னால் அதைத் தெரிந்துகொண்டுவிடும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலுக்கு மேலே தலை தெரிகிற உயரத்தில் ஒரு பரண் கட்டி, பந்தல் முழுக்கக் கயிறு ஓடவிட்டு, கயிற்றில் எண்ணெய்த் தகரங்களைக் கட்டிவைத்து, காலையும் மாலையும் ஒருவர் ஏறி நின்று கயிற்றை இழுத்துக்கொண்டே கத்த வேண்டும். அந்தக் கத்தலுக்கும் ஒரு முறை இருந்தது. ஒரு தோட்டத்துக்காரர் கத்தினால் அடுத்த தோட்டத்துப் பரணிலிருந்து மறுகத்து வர வேண்டும். அதைப் "பதில் கத்து" என்போம். வராவிட்டால், ஆள் பரணிலிருந்து விழுந்துவிட்டாரா, பாம்பு தீண்டியதா என்று பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாராவது கிளம்பி வந்துவிடுவார்கள். கிளியை விரட்டுவதற்கு அது எவ்வளவு உதவியதோ தெரியாது, தனியாக நிற்கிறவனுக்குத் தான் தனியாக இல்லை என்று தெரிவிக்க மிகவும் உதவியது.

என் பதில் கத்து சிக்கந்தருடையது. அவனுடைய அத்தாவின் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே வரப்பில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, சாயங்காலம் எதிரெதிர்ப் பரண். நான் "ஊ...ஹோய்" என்பேன், அவன் "ஹோ...ஊய்" என்பான். இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்குள் எங்களுக்குக் கோபம், கேலி, வீட்டுப்பாடம் முடித்தாயா என்ற விசாரிப்பு எல்லாம் இருந்தது. எனக்கு வேறு சிநேகிதர்கள் கிடையாது. தேவைப்படும் என்று தோன்றியதும் இல்லை.

ஆறாம் வகுப்பு தொடங்கும் சமயத்தில் அவனை மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கம், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஓர் ஆங்கிலப் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டார்கள். என் அப்பா கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். அந்த ஜீப்பில்தான் அவனுடைய டிரங்குப் பெட்டியும் ஏறியது. புது பூட்சு அவனை நிற்கவிடாமல் கடித்துக்கொண்டிருந்தது.

"அங்கன தமிழ்ல பேசுனா அடிப்பாகளாம்ல மாப்ள" என்றான். "எனக்குத் தமிழே மறந்துருமோ என்னமோ."

"மறந்துட்டா?"

"மறந்துட்டா நீ இங்கிலீசு படிச்சுக்க. வேற என்ன செய்ய?"

ஜீப் போய்விட்டது. அவன் அதைப் பயத்தில் சொன்னானா விளையாட்டுக்குச் சொன்னானா என்று யோசிக்கிற வயதல்ல எனக்கு. மலைக்கு மேலே போனவருக்குத் தமிழ் மறக்கும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தது. ஏலத்தோட்டத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு இறங்கிய என் பெரியப்பா, சோறு போதுமென்பதைக்கூடப் பாதி மலையாளத்தில்தான் சொல்வார். ஆகவே கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது: அரைப் பரீட்சை லீவுக்குச் சிக்கந்தர் வருவான், அப்போது அவனிடம் தமிழ் இருக்காது, அதற்குள் என்னிடம் ஆங்கிலம் இல்லாவிட்டால், உலகத்தில் எனக்கிருந்த ஒரே ஆளோடு பேச எனக்கு வாயிருக்காது. பெரியப்பாவின் பேச்சிலேயே இன்னொரு செய்தியும் இருந்தது. அது என் காதில் விழவில்லை.

பள்ளிக்கூடத்து ஆங்கிலம் பூனை பாயில் உட்கார்ந்த இடத்திலேயே நின்றிருந்தது. அதை நம்பிப் பயனில்லை என்று தவித்தபோதுதான் அப்பாவின் ஜீப்பில் ஓர் ஆங்கில-தமிழ் அகராதி கிடைத்தது. ஏதோ ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது காவல்காரர் தூக்கிக் கொடுத்ததை, பேட்டரி ஆடாமலிருக்க அப்பா அதற்கு அடியில் வைத்திருந்தார். பேட்டரித் தண்ணீர் சிந்திச் சிந்தி, அட்டையிலிருந்து ஜி எழுத்து முடியும் வரை அரித்துத் தின்றுவிட்டது. நான் கேட்டதும் அப்பா அதை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு டயர்த் துண்டை வைத்தார். அகராதியைவிட டயர் நன்றாக நிற்கிறது என்று பிறகு பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகம். சொல்லுக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி பொடி எழுத்தில், இது பெயர்ச்சொல், இது வினை, இது வினையுரிச்சொல், இது வியப்பிடைச்சொல் என்று ஜாதகம் குறித்திருக்கும். பொருள் தமிழில்தான் இருந்தது என்றாலும், அந்தத் தமிழுக்கே இன்னொரு அகராதி வேண்டியிருந்தது. வெரிலி என்றால் "மெய்யாகவே". நாட்வித்ஸ்டாண்டிங் என்றால் "இருந்தபோதிலும்". பெராட்வெஞ்சர் என்றால் "ஒருக்கால், தற்செயலாய்". எச் எழுத்தில் ஹிதர் என்றொரு சொல்லைக் கண்டு "இவ்விடம்" என்று படித்து, அப்படியானால் திதர் "அவ்விடம்" என்று போய்ப் பார்த்து, அட, இது நம்முடைய இங்கனவும் அங்கனவும்தானே என்று கண்டுபிடித்த அன்று எனக்கிருந்த சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இங்கே, அங்கே என்பதற்கு மொட்டையாக வேறு சொற்கள் இருந்தன. அவை மதுரைக்கு வடக்கே பேசுகிற ஆங்கிலம் போலிருக்கிறது, இதுதான் எங்கள் பக்கத்து ஆங்கிலம் என்று முடிவுகட்டிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்வதற்கு ஆளில்லாமல் கல்தூணிடம் சொன்னேன்.

சிக்கந்தர் போன பிறகு நான் பரணில் கத்துவதை நிறுத்தியிருந்தேன். கத்தினால் பதில் வராது. வராத பதிலுக்குக் காது கொடுத்து நிற்பது, கத்தாமலிருப்பதைவிட மோசமாக இருந்தது. வெறுமனே கயிற்றை இழுப்பேன். கிளிகள் தகரச் சத்தத்தைப் பழகிக்கொண்டு, பந்தலில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்க்கும்.

"ஏலே தங்கராசு, வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று அம்மா கீழேயிருந்து சத்தம் போட்டாள். "தொண்டையத் தொறந்து கத்துடா. கொல முழுக்கக் கொத்துப்பட்டுப் போச்சு."

கத்தித்தான் ஆக வேண்டும் என்றால் படிக்க வேண்டியதையே கத்துவோம் என்றுதான் அது ஆரம்பித்தது. மடியில் அகராதி, கையில் கயிறு. "ஹௌபீட்!" என்று ஒரு கத்து, தகரம் ஒரு குலுக்கு. "நெவர்தலெஸ்!" இன்னொரு குலுக்கு. இலக்கண வகைகளின் உண்மையான குணங்களை நான் அறிந்தது அங்கேதான். பெயர்ச்சொல்லுக்குக் கிளி தலையைக்கூடத் திருப்பாது. வியப்பிடைச்சொற்கள், "லோ", "டஷ்" போன்றவை, வாயை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்ந்துபோகும். நீளமான வினையுரிச்சொற்கள்தான் பந்தலின் கடைசி மூலைவரை போய்ச் சேர்ந்தன. இணைப்பிடைச்சொற்களைத்தான் நான் சீக்கிரம் கைவிட்டேன். அவற்றைச் சொல்லிவிட்டால் அடுத்தாற்போல் இன்னொரு வாக்கியம் வர வேண்டும். எதிர்ப்பரணில் ஆள் இல்லாதவனுக்கு அவற்றால் என்ன பயன்? அலாஸ் என்ற அருமையான சொல்லைப் பிற்காலத்தில் சந்தித்தபோது, அந்த ஆண்டு முழுவதையும் இது இல்லாமல் எப்படி ஒப்பேற்றினேன் என்று ஆச்சரியப்பட்டேன். அதைப் பேட்டரி தின்றிருந்தது.

குலை வெட்ட வரும் பேச்சியக்காவுக்கு என் கத்தல் பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. "ஏ ஆத்தா, ஒம் மகனப் பாரு, கிளிக்குப் பாடம் எடுக்குறான்" என்பாள் அம்மாவிடம். "அதுக பரீட்ச எழுதி வேலைக்குப் போயிருச்சுன்னா நம்ம பழம் தப்பிச்சிரும்." ஆனால் திதர் என்ற சொல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "அந்தக் கூடைய திதர் வையிடி" என்று மற்றப் பெண்களிடம் சொல்வாள். அவர்களும் வைப்பார்கள்.

சிக்கந்தரைக் கூப்பிட ஒரு சொல் வேண்டும் என்று தோன்றியபோதுதான் சிக்கல் வந்தது. சிநேகிதனுக்கான ஆங்கிலச் சொல் எஃப் எழுத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் என்னிடம் எஃப் இல்லை. தமிழ்ப் பொருளைப் பார்த்துக்கொண்டே மிச்சமிருந்த புத்தகம் முழுவதையும் புரட்டினேன். எம் எழுத்தில் மேட் என்று ஒன்று கிடைத்தது. அதற்குப் "பட்சிகளின் ஜோடி" என்று போட்டிருந்ததால் விட்டுவிட்டேன். பட்சிகளோடு எனக்கு அப்போது நல்லுறவு இல்லை. மனம் விட்டுப்போய்க் கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது ஒய் எழுத்தில் அது இருந்தது. யோக்ஃபெல்லோ. "ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவன், சிநேகிதன்." எங்கள் வீட்டுக் காளைகள் நுகத்தடியில் கழுத்தை உரசிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். இதைவிடச் சரியான சொல் எந்த மொழியிலும் இருக்க முடியாது என்று தோன்றியது. அன்று அதைக் கத்தவில்லை. கிளிக்குச் செலவழிக்க மனம் வராமல் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மார்கழிக் குளிரில், பந்தல்மேல் பனி இன்னும் கலையாத ஒரு காலையில், எதிர்ப்பரணிலிருந்து குரல் வந்தது. "ஹோ...ஊய்!"

சிக்கந்தர்தான். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. பழைய வழக்கப்படி நான் "ஊ...ஹோய்" என்றிருந்தால் போதும். ஆனால் அது தமிழா ஆங்கிலமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவனுக்குப் புரியாமல் போய்விட்டால்? மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, "யோக்ஃபெல்லோ! ஹிதர்! ஹிதர்! வெரிலி, நாட்வித்ஸ்டாண்டிங்!" என்று கத்தினேன். பழக்கதோஷத்தில் கை கயிற்றையும் இழுத்துவிட்டது. தோட்டம் முழுக்கத் தகரங்கள் குலுங்கின.

கொஞ்ச நேரத்தில் அவனே வரப்பைத் தாண்டி, தூண்களுக்கு நடுவே குனிந்து வந்து, பரணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். வளர்ந்திருந்தான். படிய வாரிய தலை. வாயைத் திறந்து, "மாப்ள..." என்றான்.

அவனுக்கு மிச்சமிருக்கிற கடைசித் தமிழ்ச்சொல் அதுதான் போலும் என்று பயந்துபோனேன். அதற்குமேல் அவனைச் சிரமப்படுத்தக் கூடாது என்று, நான் சேர்த்துவைத்திருந்த அத்தனையையும் அவன் தலையில் கொட்டினேன். பெராட்வெஞ்சரிலிருந்து யாண்டர்வரை, வகைவாரியாக, பரண்மேல் நின்றபடி, எனக்குத் தெரிந்த ஒரே குரலில். இறங்கி வந்து பேச வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை; ஆங்கிலத்தை நான் தரையில் நின்று பேசியதே இல்லை. அவன் திரும்பிப் பின்னால் பறவை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தான். பிறகு வந்த வழியே குனிந்து போய்விட்டான்.

"ஏன்டா அந்தப் பயல விரட்டிவிட்ட?" என்றாள் பேச்சியக்கா, வெட்டிய குலையைக் கூடையில் வைத்தபடி.

நான் விரட்டவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. என் ஆங்கிலம் போதவில்லை, அதனால்தான் அவன் போய்விட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, லீவு முடிவதற்குள் எப்படியாவது தேறிவிட வேண்டுமென்று, அதன் பிறகு ஒவ்வொரு காலையும் முன்னைவிட உரக்கக் கத்தினேன். எதிர்ப்பரண் காலியாகவே இருந்தது. அவன் உத்தமபாளையத்தில் மாமா வீட்டுக்குப் போய்விட்டதாக அம்மா சொன்னாள். பிள்ளை வந்திருந்த நேரத்தில் வீட்டுக்கு ஒரு தடவைகூட வரவில்லையே என்று அவளுக்கு வருத்தம்.

லீவு முடிந்து அப்பாவின் ஜீப்பில்தான் அவன் மலைக்குத் திரும்பினான். அன்று சாயங்காலம் அப்பா முகம் கழுவிக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பயல என்னடா சொன்ன? வழி நெடுக ஒம் பேச்சுத்தான். 'தங்கராசுக்கு எம் மேல என்ன கோவம் மாமா, என்னையக் கண்டதும் இங்கிலீசுல வையிறான்'னு கேட்டுக்கிட்டே வாரான்."

"தமிழ்லயா பேசினான்?"

"பெறகு? சீனாக்காரன் பாஷையிலயா பேசுவான்?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மேல போயி அஞ்சாறு மாசமா வாய்க்குள்ளயே வச்சிருந்தானாம். இங்கன வந்து ஒங்கிட்டப் பேசணும்னு இருந்தானாம்."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் நன்றாயிருக்கும். சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பரணில் போய் உட்கார்ந்து, இருட்டும் முன் ஒரு தடவை, எதிர்ப்பக்கம் பார்த்து "ஊ...ஹோய்" என்றேன். பழைய மாதிரிதான் வந்தது. எதிர்ப்பரணின் மூங்கிலில் உட்கார்ந்திருந்த ஒரு மைனா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

அடுத்த லீவில் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் அதற்குள் அவனுடைய அத்தா ஏலக்காய் வியாபாரத்துக்காகத் தோட்டத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு மலைமேல் குடியேறிவிட்டார். எதிர்ப்பரணில் வேறு யாரோ நின்றார்கள். அவர்களுக்கும் நான் பதில் கத்து கொடுத்தேன். கொடுக்க வேண்டிய முறைக்காக. அகராதியை மட்டும் விடவில்லை. வேறு பேச்சுத்துணை இல்லாதவன் எதைத்தான் படிக்க மாட்டான்? அது என்னைக் கல்லூரிக்கும், வேலைக்கும், பிறகு இப்படி எழுதுகிற பிழைப்புக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது அந்தத் தோட்டத்துப் பந்தலுக்கு மேலே முழுக்க வலை போட்டிருக்கிறார்கள். பரண் இல்லை. கத்துவதற்கு ஆளும் வேண்டாம். கிளிகள் வலைக்கு வெளியே கம்பியில் உட்கார்ந்து, கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளைப் போலப் பழத்தைப் பார்க்கின்றன. பேச்சியக்கா இருந்தவரை கோழியைத் "திதர், திதர்" என்றே விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு அந்தச் சொல்லைப் பேசுகிறவர் கம்பம் பள்ளத்தாக்கில் யாருமில்லை.

உரக்கடையில் மானம் போன அன்றுதான் சிக்கந்தரைப் பார்த்தேன். கடையிலிருந்து வெளியேறி, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடைக்குள் நுழைந்தால், பெஞ்சில் அவன். நரைத்த தாடி, சட்டையெல்லாம் ஏலக்காய் மணம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "மாப்ள..." என்றான். இந்த முறை நான் வாயைத் திறக்காமல் அவன் முடிக்கும்வரை காத்திருந்தேன். ஒன்றும் பெரிதாக இல்லை. டீயா காப்பியா என்றுதான் கேட்டான்.

டீ வந்த பிறகு அவனே ஆரம்பித்தான். "அன்னைக்குப் பரண்ல நின்னு 'யோக்கு யோக்கு'ன்னு கத்துனியே, அது என்னடா கெட்ட வார்த்த? எங்க ஹாஸ்டல்ல ஒரு பயலுக்கும் தெரியல."

"சிநேகிதன்னு அர்த்தம்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. அவன் ஜீப் ஏறும்போது சொன்னதை, பேட்டரி தின்ற எழுத்துகளை, அவனுக்குத் தமிழ் மறந்திருக்கும் என்று நான் பயந்ததை, அவனோடு பேசுவதற்காக மட்டுமே ஒரு மொழியைப் பாதியிலிருந்து கடைசிவரை கத்திக் கத்திப் படித்ததை எல்லாம் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று. அவன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்ததா, டீக்கடைப் புகையா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"இங்கிலீசா? போர்டுலதான் மாப்ள இங்கிலீசு. அங்கன வாத்தியாருல இருந்து சமையக்காரரு வரைக்கும் எல்லாரும் பேசுனது மலையாளம்."